மாவு அக்காவும் நாலு பள்ளிக்கூடமும்

சனிக்கிழமை காலை ஏழரைக்கு எங்கள் வீட்டு மணி அடித்தால் அது மாவு அக்காதான். தாராவியிலிருந்து சயான் ஸ்டேஷன் நடைபாலம் ஏறி இறங்கி, ஒரு கையில் இட்லி மாவு வாளி, இன்னொரு கையில் சட்னிப் பொட்டலங்களோடு வருவார். ராத்திரி ரெண்டரை மணிக்கு எழுந்து இட்லி அவிக்க ஆரம்பித்தால், அஞ்சு மணிக்கு அவர் வீட்டுக்காரர் சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதற்கப்புறம் அக்காவின் மாவு வியாபாரம். மும்பையில் தெருவில் நின்று இட்லி சாப்பிட்ட எல்லாருக்கும் இந்தக் கதை பாதியாவது தெரிந்திருக்கும்.

2025 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, மாவை ஊற்றிவிட்டுக் கிளம்பாமல் நின்றார். இடுப்பிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்தார். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைக் கடையில் பிரிண்ட் எடுத்திருக்கிறார்.

"தம்பி, இதுல என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க. மராத்தியா இருக்கு."

மாநகராட்சியின் சிபிஎஸ்இ பள்ளிகளுக்குச் சேர்க்கை அறிவிப்பு. குலுக்கல் முறை, கட்டணம் கிடையாது, பிறப்புச் சான்று, முகவரிச் சான்று வேண்டும் என்று நாலைந்து வரி. எனக்கும் மராத்தி தத்தக்கா பித்தக்காதான். தங்கமணியைக் கூப்பிட்டு ரெண்டு பேருமாக ஒரு வழியாய் வாசித்து முடித்தோம். அக்கா பையனுக்கு ஆறு வயது முடிகிறது, ஜூனில் ஒண்ணாம் கிளாஸ். மூத்தவள் நாலாவது படிக்கிறாள், தாராவியிலேயே முனிசிபாலிட்டியின் தமிழ்ப் பள்ளியில்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"ஏன்க்கா, பாப்பா படிக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடத்துலயே பையனையும் போட வேண்டியதுதானே? மும்பையில தமிழ்ல படிக்கக் கிடைக்கிறதே பெரிய விஷயம்."

அக்கா கோபப்படவெல்லாம் இல்லை. வாளி மூடியை அழுத்தி மூடிக்கொண்டே கேட்டார்: "உங்க பாப்பாவ அங்க சேப்பியளா தம்பி?"

என் மகளுக்கும் அதே ஆறு வயது. மாட்டுங்கா பக்கம் ஒரு தனியார் பள்ளி. வருஷத்துக்கு ஒண்ணே கால் லட்சம், வேன் தனி. தங்கமணி அடுப்படிப் பக்கம் போய்விட்டாள். நான் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன், பின்பக்கம் வெறும் தாள்தான் என்று தெரிந்தும்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத குற்ற உணர்ச்சியில்தான், "நான் லீவு போட்டு உங்ககூட வந்து எல்லாப் பள்ளியையும் பாக்கிறேன்க்கா" என்றேன். ரெண்டு நாள் லீவு. அப்படி ஆரம்பித்ததுதான் இந்தச் சுற்றல்.

ஊரிலிருப்பவர்களுக்கு ஒரு விவரம் சொல்ல வேண்டும். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், கன்னடம், தெலுங்கு, அப்புறம் தமிழ். பல இடங்களில் ஒரே கட்டடத்துக்குள் ஒரு மாடி இந்தி, ஒரு மாடி மராத்தி, ஒரு மூலையில் தமிழ் என்று இருக்கும். தனித்தனித் தலைமையாசிரியர்கள், தனித்தனி வருகைப்பதிவேடு, ஒரே வாசல், ஒரே தண்ணீர்க் குழாய். நான் இங்கே வந்த புதிதில் இதை நம்பவேயில்லை. கும்பகோணத்தில் எங்கள் நகராட்சிப் பள்ளியில் தமிழைத் தவிர வேறு எதுவும் காதில் விழுந்ததில்லை. இங்கே இடைவேளை மணி அடித்தால் மைதானத்தில் ஐந்து மொழியில் சண்டை நடக்கிறது. (கெட்ட வார்த்தை மட்டும் எல்லாரும் இந்தியில்தான். அது பொதுமொழி ஆகிவிட்டது :-))

முதலில் அக்கா மகள் படிக்கும் தமிழ்ப் பள்ளி. கட்டடத்தின் பின்பக்கம், கீழ்த்தளம். சுவரில் தமிழ் நெடுங்கணக்கு, திருவள்ளுவர், பக்கத்திலேயே சிவாஜி மகாராஜா, அம்பேத்கர், சாவித்ரிபாய் புலே. நாலாம் வகுப்பில் நான் எண்ணியது 14 பிள்ளைகள். ஆசிரியை ஐம்பதை ஒட்டியவர், பேச்சில் திருநெல்வேலி. ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக் கதையும் அவருக்குத் தெரிந்திருந்தது. யார் அப்பா தோல் பட்டறை, யார் அம்மா வீட்டு வேலை, யார் வீட்டில் போன வாரம் சண்டை, எல்லாம்.

அக்கா மகள் வரலாற்றுப் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினாள். பாடத்திட்டம் மகாராஷ்டிர அரசினுடையது, மொழி தமிழ். இந்த மாநிலத்தில் நாலாம் வகுப்பு வரலாறு என்றால் தலைமுறை தலைமுறையாகச் சிவாஜிதான். அதைத் தமிழில் அவள் கடகடவென்று வாசித்துக் காட்டினாள். ராய்கட், பிரதாப்கட் எல்லாம் நெல்லை ராகத்தில். எனக்கு என்னமோ போல் இருந்தது. நல்ல விதமாகத்தான்.

தமிழ் வழி என்றதும் நான் நினைத்திருந்தது வேறு. பிள்ளைகள் தமிழ் மட்டும் படித்து இந்த ஊரில் திண்டாடுவார்கள் என்று. அப்படி இல்லை. ஒண்ணாம் வகுப்பிலிருந்தே தமிழ், மராத்தி, ஆங்கிலம் மூன்றும் உண்டு. இந்த மாநிலத்தில் ஆங்கிலத்தை எல்லாப் பள்ளிகளிலும் ஒண்ணாம் வகுப்பிலிருந்தே 2000இல் கொண்டுவந்துவிட்டார்கள். 2025 ஏப்ரலில் ஒண்ணாவதிலிருந்து இந்தி கட்டாயம் என்று மகாராஷ்டிர அரசு ஆணை போட்டு, ஊரே ரெண்டுபட்டு, ஜூன் கடைசியில் வாபஸ் வாங்கியது நினைவிருக்கும். மூணு மொழி பிஞ்சுகளுக்குப் பாரம் என்று டிவியில் பெரிய பெரிய ஆட்கள் வாதாடினார்கள். இந்தப் பதினாலு பிள்ளைகள் சத்தமில்லாமல் மூணு எழுத்து வடிவம் எழுதிக்கொண்டிருந்தார்கள். இந்தி தெருவில் இலவசம்.

ஆசிரியையிடம் வெளிப்படையாகவே கேட்டேன், ஏன் இவ்வளவு குறைவான பிள்ளைகள் என்று. அவர் சொன்ன காரணம் எதிர்பார்த்ததுதான்: எல்லாருக்கும் இங்கிலீஷ் வேண்டும். கோடை லீவில் அவரும் இன்னொரு ஆசிரியரும் சந்து சந்தாகப் போய், "உங்க பிள்ளைய எங்ககிட்ட விடுங்க" என்று கேட்பார்களாம். இன்னொரு சிக்கல், லீவுக்கு ஊருக்குப் போகும் குடும்பங்கள். தாதரிலிருந்து சாளுக்கியா எக்ஸ்பிரஸ், இல்லாவிட்டால் நாகர்கோவில் வண்டி. போகும்போது டிக்கெட் கிடைத்துவிடும், திரும்பி வரக் கிடைக்காது. இங்கே ஜூன் நடுவில் பள்ளி திறந்தால் பாதி வகுப்பு ஜூலையில்தான் வந்து சேரும். சிலர் வரவே மாட்டார்கள், பிள்ளையைப் பாட்டியிடம் விட்டு ஊர்ப் பள்ளியிலேயே சேர்த்துவிடுவார்கள். அப்படிப் போகும் பிள்ளைக்கு இங்கே தமிழில் படித்தது கைகொடுக்கும். ஆங்கில வழியிலிருந்து போனால் தமிழ்ப் பாடத்தில் தடுமாறும்.

"எட்டாவதுக்கு அப்புறம்?" என்று கேட்டேன்.

ஆசிரியை கொஞ்சம் நிதானித்தார். இந்தப் பள்ளியில் எட்டோடு முடிகிறது. அப்புறம் பிள்ளை எங்கே போனாலும் புது மொழியில்தான் கணக்கும் அறிவியலும். நல்ல பிள்ளைகள் ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்கிறார்கள் என்றார். மற்ற பிள்ளைகள் என்ன ஆகிறார்கள் என்று அவர் சொல்லவில்லை, அக்காவுக்கு எதிரில் நானும் கேட்கவில்லை. அக்காவே வெளியே வந்ததும் சொன்னார், அவர் தெருவில் ஒன்பதாவதில் நின்றுபோன மூணு பிள்ளைகளின் பேரை.

அதே கட்டடம், மாடியில் ஆங்கில வழி. இதுவும் முனிசிபாலிட்டிதான், இதுவும் இலவசம்தான், இதுவும் மாநில அரசுப் பாடத்திட்டம்தான். கீழே பெஞ்சுகள் காலியாக இருக்க, இங்கே ஒரு பெஞ்சில் மூணு பேர். ஒண்ணாம் வகுப்பு ஆசிரியை ஆங்கிலத்தில் ஒரு வரி வாசிக்கிறார், இந்தியில் விளக்குகிறார், அதட்டுவது மராத்தியில். பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் திருப்பிச் சொல்கிறார்கள். அர்த்தம் புரிந்ததா என்று தெரியாது. ஆனால் அந்தச் சத்தத்தில் ஒரு தெம்பு இருந்ததை நான் மறைக்கக் கூடாது. கீழே இருந்த அமைதிக்கு அப்புறம் இது ஒரு பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது.

மற்றபடி மாடிக்கும் கீழுக்கும் வித்தியாசம் கிடையாது. மதியம் ரெண்டு இடத்துக்கும் ஒரே கிச்சடி. புத்தகப் பை, சீருடை, ஷூ, நோட்டு என்று மாநகராட்சி கொடுக்கும் 27 இலவசப் பொருட்களும் எல்லா மொழிப் பிள்ளைகளுக்கும் ஒன்றுதான். ஊரில் அக்காவின் தங்கச்சி பையனுக்குப் பள்ளியில் காலைச் சாப்பாடும் போடுகிறார்களாம். 2022இல் தமிழ்நாட்டில் ஆரம்பித்த திட்டம். "இங்க அது மட்டும் இருந்தா எனக்கு ஒரு அடுப்பு மிச்சம்" என்றார். அவர் காலையில் வைத்திருப்பது நாலு அடுப்பு.

மூன்றாவது, நோட்டீஸில் இருந்த சிபிஎஸ்இ பள்ளி. இதைப் பற்றித்தான் எங்கள் பக்கத்தில் ஒரே பேச்சு. மாநகராட்சி தன் பள்ளிகளுக்கு மும்பை பப்ளிக் ஸ்கூல் என்று பேர் வைத்து, 2020-21 வாக்கில் சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ என்று ஆரம்பித்தது. எங்கள் சுற்றுவட்டாரத்தில் கானே நகர், பிரதீக்ஷா நகர் ரெண்டிலும் சிபிஎஸ்இ வந்தது. மாட்டுங்கா பக்கம் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில்கூட ஒரு முனிசிபல் பள்ளி 2022இல் தொடங்கியது. நான் ஒண்ணே கால் லட்சம் கட்டுகிற அதே மாதிரி பாடத்திட்டம், காசில்லாமல். குலுக்கலில் பேர் விழ வேண்டும், அவ்வளவுதான்.

தங்கமணி அன்றே கேட்டாள்: "அக்காவுக்கு ஃபாரம் போடறப்ப நமக்கும் ஒண்ணு போடுங்களேன்?"

நான் சொன்ன பதில், "நம்மள மாதிரி வசதி இருக்கறவங்க அந்த சீட்டை எடுத்தா அது தப்பில்லையா?" கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! உண்மையான காரணம் அது இல்லை. ஊரில் அப்பாவிடம் போனில், "பேத்தி முனிசிபாலிட்டி பள்ளிக்கூடத்துல படிக்கிறா" என்று சொல்ல வேண்டியிருக்குமே என்றுதான் முதலில் தோன்றியது. அப்பா நகராட்சிப் பள்ளியில் முப்பது வருஷம் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். நானே அந்தப் பள்ளியில்தான் படித்தேன். இதை எழுதும்போதுதான் எவ்வளவு அசிங்கமான காரணம் என்று தெரிகிறது, ஆனால் அன்று அதுதான் காரணம்.

அந்தப் பள்ளிகளில் ஒன்றுக்குப் போனோம். தாராவியிலிருந்து அங்கே போவதே ஒரு பாடு. சயான் ரயில்வே மேம்பாலத்தை இடித்துக் கட்ட 2024 ஆகஸ்டில் மூடியதிலிருந்து பஸ்ஸெல்லாம் சுற்றுப்பாதை. ஸ்டேஷன் நடைபாலத்தில் ஏறி இறங்கி, கிழக்கே வந்து, மறுபடி பஸ் பிடிக்க வேண்டும். ஆறு வயசுப் பிள்ளையோடு தினமும் ரெண்டு முறை. இட்லி வியாபாரம் முடிந்து அக்கா தூங்குகிற ஒன்றரை மணி நேரமும் அதில் போய்விடும்.

பள்ளி நன்றாகத்தான் இருந்தது. சுத்தம், வண்ணம் அடித்த சுவர், டை கட்டிய பிள்ளைகள். வாசலிலேயே விவரம் கிடைத்துவிட்டது. சேர்க்கை நர்சரியிலிருந்து. அங்கே உட்கார்ந்த பிள்ளைகள்தான் வருஷா வருஷம் ஏறி ஒண்ணாம் வகுப்புக்கு வருகிறார்கள். ஒண்ணாவதில் யாராவது விலகினால்தான் இடம். அந்த ஓரிரு இடத்துக்குத்தான் குலுக்கல்.

அக்கா என்னைப் பார்த்தார். "அப்ப மூணு வயசுலயே தெரிஞ்சிருக்கணும், அப்படித்தானே?"

அப்படித்தான். எனக்குத் தெரிந்திருந்தது. என் மகளுக்கு ரெண்டரை வயசிலேயே எக்செல்லில் பள்ளிகளின் பட்டியல் போட்டவன் நான். அப்போதும் இதே அக்கா வாரா வாரம் எங்கள் வீட்டுக்கு மாவு கொண்டுவந்துகொண்டுதான் இருந்தார். ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பையன் அப்போது அவர் இடுப்பில் இருந்தான்.

இருந்தாலும் விண்ணப்பம் போட்டோம். காத்திருப்போர் பட்டியலில் பேர் வந்தது. எத்தனையாவது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

நாலாவது கேந்திரீய வித்யாலயா. ஆன்டாப் ஹில்லில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்புக்குள் இருக்கிறது. எங்கள் மாடியில் இருக்கும் விழுப்புரத்துக்காரர் மத்திய அரசு ஆபீஸில் வேலை, பிள்ளைகள் ரெண்டும் அங்கேதான். அவரிடம் கேட்டாலே போதும் என்று அக்காவை அழைத்துப் போனேன். டீ போட்டுக் கொடுத்து விளக்கினார். மத்திய அரசு ஊழியர் முதல் பிரிவு, அதிலும் கடந்த ஏழு வருஷத்தில் எத்தனை முறை டிரான்ஸ்பர் ஆனார் என்று பார்ப்பார்கள். அப்புறம் மத்திய பொதுத்துறை, அப்புறம் மாநில அரசு, மாநிலப் பொதுத்துறை, எல்லாம் போக ஐந்தாவதாக மற்றவர்கள். நானும் அக்காவும் அந்த 'மற்றவர்கள்' பிரிவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே பிரிவு :-)

அக்காவுக்கு இன்னொரு வழி உண்டு. ஒண்ணாம் வகுப்பில் கால் பங்கு இடம் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் குலுக்கலில் போகிறது. அதற்கும் விண்ணப்பித்தோம். விழவில்லை.

கேந்திரீய வித்யாலயா பற்றி அந்த விழுப்புரத்துக்காரர் ஒன்று சொன்னார். "சார், இது இடம் மாறிக்கிட்டே இருக்கறவனுக்குக் கட்டின பள்ளிக்கூடம். ஜம்முவுல விட்ட பாடத்தை திருச்சியில தொடரலாம்." 1963இல் ராணுவக்காரர் பிள்ளைகள் படித்த 20 பள்ளிகளை எடுத்துத்தான் இதை ஆரம்பித்தார்கள், காரணமே அதுதான். யோசித்துப் பார்த்தால் ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கிறவர்களில் அரசாங்கம் அனுப்பி வந்தவனுக்கு ஒரு பள்ளி இருக்கிறது. பசி அனுப்பி வந்தவனுக்கு அவனவன் சாமர்த்தியம்.

தனியார் பள்ளியில் 25 விழுக்காடு இடம் இருக்கிறதே, அதையும் பார்க்கலாமே என்று யாராவது கேட்பீர்கள். பார்த்தோம். ஆன்லைனில் விண்ணப்பம், குலுக்கல். பின்தங்கிய பிரிவுக்கான சாதிச் சான்றிதழ் வேண்டும், இல்லையென்றால் வருஷ வருமானம் ஒரு லட்சத்துக்குள் என்று தாசில்தார் சான்று. அக்காவிடம் சாதிச் சான்றிதழ் இருக்கிறது. திருநெல்வேலியில் வாங்கியது, பாலிதீன் உறையில் பத்திரமாக. மகாராஷ்டிரத்தில் வேறு மாநிலச் சான்றிதழ் செல்லாது. வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் ரெண்டும் சயான் ஆஸ்பத்திரியில் பிறந்தவை. 2024 பிப்ரவரியில் இந்த அரசு ஒரு திருத்தம்கூடக் கொண்டுவந்தது. ஒரு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளி இந்த இடங்களைத் தர வேண்டாம் என்று. தாராவி மாதிரி இடத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கிலோமீட்டருக்குள் முனிசிபல் பள்ளி இருக்கும். நல்லவேளை, அந்த ஜூலையிலேயே பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அக்காவுக்கு ரெண்டும் ஒன்றுதான், வருமானச் சான்றுக்கு அலைவதற்குள் தேதி முடிந்துவிட்டது.

இத்தனை சுற்றிய பிறகு என் எக்செல் மூளை வழக்கம்போல் ஒரு பட்டியல் போட்டது. கட்டணம், தூரம், எத்தனை வகுப்பு வரை, ஆசிரியர் எத்தனை பேருக்கு ஒருவர், பாடத்திட்டம். அதில் தமிழ்ப் பள்ளி ரெண்டே விஷயத்தில் முதலிடம்: தூரம், ஆசிரியரின் கவனம். மற்றதிலெல்லாம் கடைசி.

அந்தப் பட்டியலில் போடாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அடுத்த வாரம் நல்ல மழைக்காற்று மாதிரி இருந்ததால் நானே மாவு வாங்க அக்கா வீட்டுக்குப் போனேன். பத்துக்குப் பத்து அறை, மேலே ஒரு பரண். அக்கா தரையில் உட்கார்ந்து உளுந்து களைந்துகொண்டிருந்தார். மகள் பக்கத்தில் நோட்டை விரித்து வைத்திருந்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, அக்கா ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார், உதடு அசைய. ஒரு இடத்தில் விரல் நின்றது. "இங்க என்னட்டி எழுதியிருக்க? சின்ன ரவா பெரிய றவா?" மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு அழித்தாள்.

அக்கா அஞ்சாவது வரை படித்தவர், திருநெல்வேலி மாவட்டத்து ஒரு கிராமத்தில். அந்த அஞ்சாவது மும்பையில் இந்த ஒரு நோட்டுக்கு மட்டும்தான் செல்லுபடியாகும். மாடியில் இருக்கும் ஆங்கில வழி, கானே நகர் சிபிஎஸ்இ, கேந்திரீய வித்யாலயா, இதில் எதில் பிள்ளையைப் போட்டாலும் மறுநாளிலிருந்து அக்கா எழுத்தறியாதவர். ஸ்கூல் டைரியில் கையெழுத்து மட்டும் போடுவார். என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளைதான் சொல்ல வேண்டும். பிள்ளை சொல்வதுதான் சேதி :-)

என் வீட்டு நிலவரம் இதற்கு நேர் எதிர். மகளின் ஆங்கில நோட்டை நானும் தங்கமணியும் மாற்றி மாற்றிப் பிழிகிறோம். ஆனால் அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பேசுவாள், திட்டுவாள், "தாத்தா எப்போ வருவீங்க" என்பாள். வார இறுதியில் தமிழ் வகுப்புக்கு ரெண்டு மாதம் கூட்டிப் போனோம், அப்புறம் நீச்சல் வகுப்பு அதே நேரத்துக்கு வந்தது. எது ஜெயித்தது என்று உங்களுக்கே தெரியும். 2021 கடைசியில் தமிழ்நாடு அரசு, டிஎன்பிஎஸ்சி தேர்வுகளுக்குத் தமிழ்த் தாளில் தேறுவது கட்டாயம் என்று ஆக்கியபோது ஆபீஸ் கேண்டீனில் நானும் பெருமையாகப் பேசியவன்தான். என் மகள் நாளைக்கு ஊரில் ஒரு கிளார்க் வேலைக்கு எழுதினால்கூட முதல் தாளிலேயே போய்விடுவாள். "அவ எதுக்கு கிளார்க் வேலைக்குப் போகப்போறா" என்று தங்கமணி. அது சரிதான், ஆனால் அது பதில் இல்லை.

ஏப்ரலில் ஒரு நாள் அக்கா, மகளையும் அழைத்துக்கொண்டு மாவு கொண்டுவந்தார். எங்கள் மேஜையில் ஊரிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகை கிடந்தது. அக்கா மகள் அதை எடுத்து, சும்மா, பொழுதுபோகாமல், உரக்க வாசித்தாள். 'நிகழும் மங்களகரமான' என்று ஆரம்பித்து நாள், நட்சத்திரம், மண்டபம், பந்தல் உபயம் வரை. என் மகள் பக்கத்தில் வந்து நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பத்திரிகையில் கடைசிப் பக்கத்தில் அவள் பேரும் இருந்தது, 'தங்கள் வரவை ஆவலுடன் எதிர்பார்க்கும்' வரிசையில். அதை அக்கா மகள்தான் விரல் வைத்துக் காட்டினாள். "எங்க? எங்க? இதுவா நான்?" என்றாள் என் மகள்.

நானும் தங்கமணியும் அன்று ரொம்ப நேரம் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

ஜூனில் அக்கா பையனைச் சேர்த்தார். மாடியில், ஆங்கில வழியில். மகள் அஞ்சாவது, கீழே, தமிழில்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு ஏமாற்றம். என்ன உரிமையில் ஏமாற்றம் என்று கேட்காதீர்கள். ஏன்க்கா பிரிச்சுப் போட்டீங்க, என்றேன். பெரிய விளக்கம் எதுவும் வரவில்லை.

"ரெண்டும் ஒரே கேட்டுல போகும், ஒரே கேட்டுல வரும் தம்பி. அக்காக்காரி கையப் புடிச்சு கூட்டியாந்திருவா. பாலம் ஏற வேண்டாம். அவன் பத்து வரைக்கும் அங்கனயே படிச்சிக்கிடலாம்னு சொல்லுதாவ. இவளுக்கு இன்னும் மூணு வருசம் இருக்கு, அப்ப பாத்துக்கிடுவோம். இவளயும் இப்ப மாத்தினா அந்த டீச்சர் மொகத்துல எப்படி முழிக்க?"

ஒருவர் முகத்தில் எப்படி முழிப்பது என்பதற்காக ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று என் பட்டியலில் ஒரு கட்டம் இருந்ததில்லை.

அக்காவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, அந்த முதல் கேள்விக்கு. அவரும் மறுபடி கேட்கவில்லை. அந்தத் தமிழ்ப் பள்ளியில் என் மகளைச் சேர்ப்பேனா? மாட்டேன். அது எனக்கு பிப்ரவரியிலேயே தெரியும், அவருக்கும் தெரியும். சேர்க்காதவன் மற்றவர்களுக்கு உபதேசம் செய்யக் கூடாது என்பது மட்டும் இப்போது உறைத்திருக்கிறது. மும்பைத் தமிழர் கூட்டங்களில் தமிழ்ப் பள்ளிகள் மூடப்படுவதைப் பற்றி உருக்கமாகப் பேசுகிற நண்பர்களே, உங்கள் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை, என்னைக் கேட்டுவிடாதீர்கள்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை அக்கா மாவோடு ஒரு நோட்டும் கொண்டுவந்தார். பையனுடையது. பிளாஸ்டிக் உறை போட்டு, மாவு படாமல் தனிப்பையில்.

"எல்லாம் டிக்குதான் போட்டிருக்காவ. சரியாத்தான் எழுதியிருக்கானான்னு பாருங்க தம்பி. எனக்குத் தெரியாதுல்லா."

புரட்டினேன். கிழமைகளின் பேர் எழுதியிருந்தான், ஆங்கிலத்தில், குண்டு குண்டாக. புதன்கிழமைக்கு நடுவில் ஒரு எழுத்து குறைந்தது. அதன் மேலேயே பெரிய சிவப்பு டிக். அடுத்த பக்கத்திலும் அப்படி ஒன்று. ஐம்பது நோட்டு திருத்துகிறவர் கண்ணுக்குத் தப்பியிருக்கும். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சொன்னேன்.

அக்கா நோட்டை வாங்கி அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரியும் தப்பும் அவருக்கு ஒரே மாதிரிதான் தெரிந்திருக்கும்.

"இவ நோட்டுலயும் போன வாரம் டீச்சர் ஒண்ணு விட்டுட்டாவ. அத நானே புடிச்சிட்டேன்" என்றார். பிறகு நோட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "நீங்களே திருத்திக் குடுத்திருங்க."

வீட்டில் சிவப்புப் பேனா இல்லை. பென்சிலில் திருத்திக் கொடுத்தேன்.